தர்மப்பிரபுவும் மிஷின் உறையும்

என் மருமகள் குடை தைக்கிறவள். எட்டு முக்கோணத் துண்டுகளை ஓரம் பிசகாமல் சேர்த்தால் ஒரு குடைத்துணி. எட்டும் கூடுகிற உச்சியில் ஒரு நூல் தள்ளினாலும் மழை நேரே மண்டையில்தான் இறங்கும். அவள் தைத்தது ஒழுகுகிறதென்று எவனாவது சொல்லட்டும், நான் நம்ப மாட்டேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. எங்களை முதன்முதலில் பார்த்தபோதே சொல்லிவிட்டாள். "மாத்திரை சாப்பிட்டா வர்றதில்ல அத்தை. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க." அந்த வாய்க்காகவே எனக்குப் பிடித்துப்போனது. வேலை பார்க்கிற குடைப் பட்டறையில் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மிஷினைப் பிடுங்கிவிடுவார்களே என்கிற பயம்.

வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறோம், நோய் உள்ளவர் ஒருத்தர் மேடையில் பேசினால் நாலு பேர் கொடுப்பார்கள் என்று அவளுடைய டாக்டர் கேட்டார். நல்ல மனுஷர், தட்ட முடியவில்லை. நானும் கூடப் போனேன். போனால், முன் வரிசையில் அவள் முதலாளி! பெரிய நன்கொடையே அந்தத் தர்மப்பிரபுவுடையதுதானாம். இவள் பேசப் பேச அவர் கைக்குட்டை நனைந்தது. மேடையேறி, "இவ எனக்கு மக மாதிரி" என்று பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டறையில் அந்த 'மக'ளின் மிஷினுக்கு உறை போட்டிருந்தது.

"உன் நல்லதுக்குத்தாம்மா. கீழ போய்க் குடைய எல்லாம் பெட்டியில அடுக்கு" என்றார் முதலாளி.

"தைக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காருங்க."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு."

அந்த டாக்டரை நம்பித்தானே ஐயா பண மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்! நோய்க்குக் கொடுக்கக் கை நீளுகிறது; நோய்க்காரி கண்ணெதிரே உட்கார்ந்தால் குலை நடுங்குகிறது.

"நான் பேசியிருக்கவே கூடாது அத்தை" என்று வந்து அழுதாள்.

"அடி போடி. நீ பேசினது தப்பில்ல, கேட்டவன் காதுதான் தப்பு. வேலைய மட்டும் விட்டுடாத."

கொஞ்ச நாளில் நிதிக்காரப் பெண் ஒருத்தி கேமராவோடு பட்டறைக்கு வந்தாள். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். "அவங்க மிஷின்ல தைக்கிற மாதிரி, பக்கத்துல நீங்க நிக்கிற மாதிரி." இதைக் கேட்டதும் தர்மப்பிரபு தன் கையாலேயே உறையை உருவினார்.

தைக்கிற மாதிரி என்றால் சும்மா கையை வைத்திருக்க வேண்டும். என் மருமகள் நிஜமாகவே தைத்தாள். படம் முடிந்தது.

"போதும்மா, எந்திரி" என்றார் முதலாளி.

"நாலு துண்டுதாங்க சேர்ந்திருக்கு. அரைக்குடையா விட்டுட்டு எப்படிங்க?"

கேமராக்காரி திரும்பிப் பார்த்தாள். "தினமும் இவங்களுக்கு இந்த வேலைதானே சார்?"

பட்டறையில் அத்தனை மிஷினும் நின்றன. எல்லாக் கண்ணும் அவர் வாயில்.

"பின்ன?" என்று பல்லைக் காட்டினார் முதலாளி. "எங்க பட்டறைக்கே இவதான் முதல் கை."

சொன்ன வாய் சொன்னதுதான். இன்றுவரை அந்த மிஷினை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. அந்த உறையைச் சாயங்காலமே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நல்ல கெட்டித் துணி. வாசலில் கால்மிதியாகப் போட்டிருக்கிறேன்.