மான் வெருளாத அம்பு

அல்பேட் வில்லுக் கழகத்தில் சேர்ந்தது அம்பு விடுகிற ஆசையில் இல்லை. டேனிஷ் படிப்பித்த ரீச்சர், வகுப்பில் இருந்தால் மட்டும் பாஷை வராது, ஏதாவது ஒரு கழகத்தில் சேருங்கோ என்று சொல்லிவிட்டா. அவன் இருந்த கோல்டிங் நகரத்தில் பந்தடிக்கப் போனால் அங்கேயும் எங்கடை பெடியள்தான், தமிழ்தான். அல்பேட்டுக்குப் பந்தும் வராது. அவன் இருந்த மாடிக்குப் பின்னால், காட்டோரத்தில் ஒரு மரக்கொட்டில். அதுக்கு முன்னால் சில டேனிஷ்காரர் வில்லோடு நின்றார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போனவனைப் பிடித்து வில்லைக் கையில் திணித்துவிட்டார்கள்.

குறி என்று அங்கே இருந்தது காகித மான். உயிர் மானை வில்லால் வேட்டையாட அப்போது டென்மார்க்கில் அனுமதி இல்லை. பிரெபென் என்றொருவன், அல்பேட்டோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவன், அதனால் மனம் நொந்துபோய் இருந்தான். அமெரிக்காவில் இருக்கிற தமக்கையிடம் போய் அங்கே மான் அடிப்பதுதான் அவனுடைய கனவு. வாய் திறந்தால் அம்பின் பாரமும் வேகமும்தான். பாரம் குறைந்த அம்பு விறுவிறென்று நேரே போகும், தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். பாரமான அம்பு ஆறுதலாகப் போகும், வழியில் தாழும், ஆனால் பட்டால் ஆழமாக இறங்கும். பிரெபென் வேகத்தின் பக்கம். அல்பேட்டும் அவன் பக்கம்தான். டேனிஷில் பாரம் குறைந்ததுக்கும் சுலபமானதுக்கும் ஒரே சொல், 'லெற்'. எங்கடை லேசு மாதிரியே. அந்தப் பாஷையில் அவன் முதலில் சிநேகம் பிடித்த சொல் அது.

மனைவி மேரிசெலின் மன்னாரில் இருந்தாள். கலியாணம் முடித்த சூட்டோடு பிரிந்தவர்கள். விசா வந்துவிட்டது, இனி அவள் வெளிக்கிட வேண்டியதுதான் பாக்கி. இரண்டு பேரும் கசெற்றில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். அவளுடைய கசெற் எப்போதும் ஒரே மாதிரித்தான் முடியும்: "சரி, அப்ப நான் வாறன்." எங்கடை ஆக்கள் விடைபெறும்போது போறன் என்று சொல்ல மாட்டார்களே, அந்த வாறன்தான். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு நெஞ்சு ஒருக்கால் துள்ளி அடங்கும். பாவம், அந்த ஒரு சொல்லுக்காகவே நாடாவைத் திரும்பத் திரும்பச் சுத்துவான்.

அறையில் கூட இருந்த பெடியள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் அல்பேட் தன்னுடைய கசெற்றைக் கழகக் கொட்டிலில் இருந்து பதிவுசெய்வான். ஆனால் மனிசிக்கு என்னத்தைச் சொல்ல? நீ இல்லாமல் ஏலாது என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை, அதைச் சொல்ல வெட்கம். ஆகவே அம்பைப் பற்றிச் சொன்னான். குறி, தூரம், வேகம், எது ஆழமாக இறங்கும் என்றெல்லாம் ஒன்றும் விடாமல். வெளியே பிரெபெனின் வில் டக், டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய பதில் கசெற்றில் குரல் நடுங்கியது. "இஞ்சருங்கோ, மறைக்காமல் சொல்லுங்கோ. அங்கை இயக்கத்திலை சேர்ந்திட்டியளோ? உங்கடை கதைக்குப் பின்னாலை வெடிச்சத்தம் வடிவாக் கேட்டது. என்ரை தம்பி போனவன் போனவன்தான். இன்னொருத்தரையும் குடுக்க எனக்கு ஏலாது. உந்தப் பயிற்சியை விடாட்டில் நான் வரமாட்டன்."

அல்பேட் முதலில் சிரித்தான், பிறகு அழுகை வந்தது. இது விளையாட்டு என்று சொல்லி, கழகத்துச் சட்டையோடு வில் பிடித்து நிற்கிற படமும் எடுத்து அனுப்பினான். அந்தச் சட்டை கடும் பச்சை. மூளை எங்கே போனதோ தெரியாது.

"வெள்ளைக்காரன் வில்லும் அம்பும் வைச்சு விளையாடுறானாம். ஆரைப் பேய்க்காட்டுறியள்? உடுப்பும் தந்திட்டாங்கள்," என்றாள் அடுத்த கசெற்றில். அந்த முறை வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. நாடா அப்படியே அறுந்த மாதிரி நின்றுபோனது. அல்பேட் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் பிரெபென் அமெரிக்காவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "மான் பக்கத்திலைதான் நிண்டது. நாண் அடிச்ச சத்தத்திலை வெருண்டு பதுங்கிச்சுது, அம்பு முதுகுக்கு மேலாலை போச்சு. எவ்வளவு வேகமா விட்டாலும் சத்தம் முந்திப் போய்ச் சேர்ந்திடும், அல்பேட். லேசான அம்பு வில்லின்ரை பலத்தை முழுக்க வாங்காது, மிச்சம் சத்தமாப் போகுது. பாரமானதுதான் வில்லின்ரை சத்தத்தை அமத்தும்."

மேரிசெலினை வெருட்டினதும் அந்த டக், டக் சத்தம்தான் என்று அல்பேட்டுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பிறகு பிரெபெனிடம் பாரமான அம்பு ஒன்று வாங்கி, ரெக்கோடரைப் பக்கத்தில் வைத்து அழுத்திவிட்டு, நாணை இழுத்தான். மெல்லிய ஒரு சத்தம், பாய் உதறினாற்போல. பழகாத பாரம், தூரத்தைக் கணிக்கத் தெரியவில்லை. அம்பு பாதி வழியில் தாழ்ந்து சேற்றில் குத்தி நின்றது. கழகம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பிரெபென்தான் பெரிதாக.

"கேட்டனியே செலின்? இதுதான் நான் எடுக்கிற பயிற்சி. காகித மானுக்குக்கூடப் படேல்லை," என்றான். அதோடு நிற்பாட்டியிருப்பான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இதுகளைக் கதைச்சது வேறை ஒண்டும் சொல்லத் தெரியாமல்தான். நீ இல்லாமல் எனக்கு இஞ்சை ஒண்டும் பிடிக்கேல்லை. நித்திரையால எழும்பினால் முதல் உன்ரை யோசனைதான். வில்லு வேண்டாமெண்டால் இண்டைக்கே விடுறன். நீ வா."

பதில் வரும்வரை தபால்காரனைக் கண்டாலே அவன் மாடியால் இறங்கி ஓடினான். வந்த கசெற்றை அறையில் பெடியளுக்கு முன்னாலேயே போட்டான், வெட்கமெல்லாம் போய்விட்டது.

"திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனாங்கள்," என்றாள் மேரிசெலின். "அப்பாதான் சொன்னவர், ஆயுதப் பயிற்சியிலை குறி தப்பினால் ஆரும் இப்பிடிச் சிரிக்கமாட்டினம், இது விசர்ப் பிள்ளையளின்ரை விளையாட்டுத்தான் எண்டு. வில்லை விடாதைங்கோ. எனக்கும் பார்க்கவேணும்." பிறகு, "சரி, அப்ப நான் வாறன்."

நெஞ்சு வழக்கம்போலத் துள்ளி அடங்கியது. அவன் நிற்பாட்டக் கையை நீட்டினான். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"விளங்கினதே?" என்றது அவளுடைய குரல். "இது போறதுக்குச் சொல்லுற வாறன் இல்லை. நான் வாறன்."