கரும்பலகையில் ஒரு காலிக் கட்டம்

சீனாவோடு சண்டை மூண்ட வருடம் என் சித்தப்பாதான் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை ஆசிரியர். பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பேப்பரைப் படித்து, படிப்பகத்துக் கரும்பலகையில் சுருக்கி எழுதிவிட்டுத்தான் பூட்டுப் பட்டறைக்குப் போவார். பட்டாளத்திலிருந்த மாமாவிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அதனால் அத்தை தினமும் முதல் ஆளாக வந்து பலகைமுன் நிற்பாள்.

ஒருநாள், காயத்தோடு திரும்பிய சிப்பாய் பஸ்ஸில் சொன்னதை நம்பி, எல்லையில் நம் ஆட்களுக்குக் கம்பளிச் சட்டைகூட இல்லை என்று சித்தப்பா எழுதிவிட்டார். ஏட்டையா வந்து, ஆணியில் தொங்கிய ஈரத்துணியால் துடைத்தார்.

"சண்டை நேரத்துல சர்க்கார் சொன்னதை மட்டும் எழுதுங்க அப்பு. இன்னொரு தடவைன்னா ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

சித்தப்பா அங்கே தலையை ஆட்டிவைத்தார். வீட்டுக்கு வந்துதான் ஏட்டையாவை வறுத்தெடுத்தார். மறுநாள் சர்க்கார் செய்தியை எழுதிவிட்டு, துடைத்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டார். ஊரே வந்து அந்தக் காலிக் கட்டத்தைத்தான் படித்தது.

அந்த வாரமே மாமாவின் கடிதம் வந்தது. தணிக்கைக்காரர்கள் பாதி வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். நலமாக இருக்கிறேன் என்ற வரி தப்பியிருந்தது. அத்தை அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் பயந்து ஓடிவந்தார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. படிப்பகத்துக்கு ஓடி, நாற்காலி போட்டு ஏறி, கட்டத்துக்குள் எழுதினேன்: "எங்கள் மாமா உயிரோடு இருக்கிறார். கடிதம் வந்தது. பாதி மை."

திரும்பினால் ஏட்டையா. சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாரே என்று நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினேன்.

"யாரு தாயி எழுதினது?"

"நான்தான். சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"கடுதாசி எந்த ஊர்லருந்து வந்துச்சு?"

"அதுலயும் மை அடிச்சிருக்காங்க."

ஈரத்துணியை எடுத்தவர், பலகையை இன்னொரு முறை படித்துவிட்டு, அதை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் இன்னும் இரண்டு குடும்பங்கள் கடிதத்தோடு வந்தன. சித்தப்பா பலகையில் பாதியைக் கட்டமாக்கி என்னிடம் விட்டுவிட்டார். ஏட்டையாவும் தினமும் காலையில் வந்து ஒரு வரி விடாமல் படிப்பார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவரே ஒரு கடிதத்தை நீட்டினார்.

"எம் மகன் போட்டது. இதையும் எழுது தாயி."

"ஏட்டையா மகனும் உயிரோடு இருக்கிறார். முக்கால்வாசி மை" என்று எழுதினேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தார். சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். முதல் நாள் நான் எழுதியதை அவர் அழிக்காமல் போனது என் கையெழுத்தின் அழகுக்காகத்தான் என்றும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.