ராகு காலத்துக்கு முந்திய ஊஃபர் பெட்டி

ஈப்போவின் புந்தோங் பகுதியில் சன்னாசியின் கார் சாமான் கடைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் மங்களத்தின் முதுகுதான் தெரியும். சுவரைப் பார்த்துப் போட்ட தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டாலும் சட்டென்று திரும்ப மாட்டாள். ஆனால் வந்தவர் யார், கையில் என்ன இருக்கிறது, எதை நோட்டம் விடுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். மிஷினுக்கு மேலே ஆணியில் ஒரு காரின் பக்கக் கண்ணாடியை மாட்டி வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், சிவப்பும் கறுப்புமாக ஒட்டிக்கொண்ட இரட்டை ஒயரில் ஒரு பல்பு தொங்கியது.

இந்தப் பார்க்கும் பழக்கம் தோட்டத்தில் வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. எண் படிக்கத் தெரிந்த பிள்ளை என்று அம்மா அவளை ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போய் நிறுத்தினாள். "கிராணி மூஞ்சியப் பாக்காத. தராசு முள்ளப் பாரு. பேசாத" என்பது அம்மா கொடுத்த வேலை. தோட்டக் கணக்கு எழுதும் கிராணிக்கு இந்தச் சிறுமி எதற்காக நிற்கிறாள் என்பது கடைசிவரை தெரியாது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனும் தங்கையும் ஈப்போவுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. மங்களம் கார் சீட்டுக்கு உறை தைத்தாள். சன்னாசி, எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் ரேடியோ கடையில் வேலை கற்றான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் மத்தியானமே அவன் வீடு திரும்பினான். "தவுக்கேயோட ஒத்து வரல. நாமளே கடை போட்டுக்கலாம்" என்றான். அந்தக் கடையில் ஏதோ சாமான் காணாமல் போனதாகக் கோயில் வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை மங்களம் கேட்டாள். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி மூன்று வருஷமாக அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தது.

1984இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை தியாகராஜா தன் புது ஜப்பான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருக்குக் கார் விற்ற சீனி என்ற சேல்ஸ்மேன்தான் அவரைச் சன்னாசியிடம் அனுப்பியிருந்தான். புதுக் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேரைச் சீனிதான் அனுப்புவான்.

"தம்பி, கம்பெனி ரேடியோவில கை வைக்கப்படாது. ஒரு ஒயரும் வெட்டப்படாது. விளங்குதோ?"

"வெட்ட மாட்டேன் சார். பின்னாடி ஸ்பீக்கருக்குப் போற ஒயர்ல கொஞ்சம் தோல உரிச்சு, அதுலருந்து சத்தத்தப் பெருசாக்குற நம்ம பூஸ்டருக்கு எடுத்துக்கிறேன். பூஸ்டருக்குக் கரண்டு நேரா முன்னாடி பேட்டரியிலருந்து. நடுவுல ஃபியூஸ் இருக்கும். பூட்ல, தும் தும்னு அடிக்கிற ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி. உங்க ரேடியோவுக்கு நாம வந்ததே தெரியாது."

"அதுதான் எனக்குப் பயம்" என்றார் தியாகராஜா. ஒரு நாற்காலியை இழுத்துக் காருக்கு எதிரே போட்டுச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ர அப்பா தோட்டத்தில கிராணி. பாலில தண்ணி கலக்கிறவை எத்தினை பேரைப் பிடிச்சவர் தெரியுமோ?"

மங்களம் மிஷினை நிறுத்தாமல் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். தராசுக்கு அந்தப் பக்கம் நின்ற அதே பார்வை.

எட்டங்குல ஊஃபர் இரண்டு பதிக்கிற பெட்டி. சன்னாசி பிளைவுட் பலகையில் இரண்டு வட்டம் அறுத்தான். மங்களம் பெட்டிக்குச் சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டினாள். காரின் பின்பக்கச் சாமான் அறையான பூட்டுக்குள் கம்பளம் விரிக்கவும் அவள்தான் நுழைய வேண்டும், சிறிய உடம்பு. மல்லாந்து படுத்தபோது மேலே பின்பக்க ஸ்பீக்கர் இரண்டின் அடிப்பாகமும் தெரிந்தது. ஒவ்வொன்றின் காந்தத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு. கார் பூசையில் வைத்த குங்குமம் என்று விரலால் தொட்டாள். ஒட்டவில்லை. நகச்சாயம். எந்தப் பூசாரி கார் பூட்டுக்குள் தலையை விட்டு நகச்சாயத்தில் பொட்டு வைப்பார்? இந்த மனுஷன் அடையாளம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வெளியே வந்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

மணி பத்தைத் தாண்டியது.

"பத்தரைக்கு ராகு காலம் தம்பி. அதுக்கு முதல் ஒரு பாட்டாவது போட்டுக் காட்ட வேணும்."

"பதினொண்ணுக்குத்தான் சார் ராகு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கவர்மெண்டு மணிய அரை மணி முன்னுக்குத் தள்ளிட்டாங்கல்ல? ராகுவுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"காலண்டரில பத்தரை எண்டு போட்டிருக்கு. நான் அச்சடிச்சதைத்தான் நம்புவன். உம்மை எப்படி நம்புறது?"

சன்னாசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கை பறந்தது. முதல் ஊஃபரை முறுக்கினான், இரண்டாவதை முறுக்கினான், ஒயர்களைச் செருகினான், பெட்டியைப் பூட்டுக்குள் தள்ளினான். பத்து இருபத்தெட்டுக்கு ஒரு பக்திப்பாட்டு ஒலித்தது. அதே நேரம் தெருவில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. சத்தம் எப்படி என்று யாரும் காது கொடுக்கவில்லை. ராகுவுக்கு முன் பாட்டு வந்துவிட்டது, அது போதும். தியாகராஜா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கடை மூடும்போது, சன்னாசி தட்டளவு வட்டமான இரண்டு பொருளைப் பேப்பரில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவதைக் கண்ணாடியில் பார்த்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் தியாகராஜா திரும்பி வந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"பெட்டி போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. முந்தி இருந்த சத்தமும் குறைஞ்சு போச்சு. தம்பி, உள்ளதைச் சொல்லும். என்ர கம்பெனி ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டு வேற ஏதோ குப்பையைப் பூட்டிப்போட்டீரோ?"

சன்னாசியின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. "சார், வார்த்தைய அளந்து பேசுங்க."

"பெட்டியை வெளியில எடும். எனக்கு ஒண்டு பார்க்க வேணும்."

"என்ன பாக்கணும்?"

"அது எனக்குத் தெரியும்."

"அப்போ நான் கழட்ட மாட்டேன்லா. திருடன்னு சொன்ன ஆளுக்குக் கழட்டிக் காட்டுனா நான் திருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"கழட்டாட்டி விடும். சீனியிட்டப் போய்ச் சொல்லிப்போட்டுப் போறன். பிறகு எந்தப் புதுக் கார் இந்த வாசலுக்கு வருது பார்ப்பம்."

தியாகராஜா போகவில்லை. தானாக எடுக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சன்னாசி கடைக்குள் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மங்களத்தின் மிஷின் ஓடவில்லை. ஊஃபர் பெட்டி இப்போது அந்த ஸ்பீக்கர்களின் அடிப்பாகத்தை மறைத்து நிற்கிறது. அவர் பார்க்க விரும்புவது சிவப்புப் பொட்டைத்தான். பொட்டு இருந்தால் பிரச்சினை முடிந்தது. பெட்டியை இழுக்க இரண்டு நிமிஷம் ஆகாது. அண்ணன் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறான்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? கட்டிலுக்கு அடியில் வட்டமாக இரண்டு கிடக்கிறதே, அது என்ன?

தவுக்கே கடை ஞாபகத்துக்கு வந்தது. கடை போனால் போகட்டும், வேறு எங்காவது தைத்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷமாகத் தான் சோறு போட்ட ஆள் யார் என்று தெரியாமல் இனி ஒரு வேளைகூடப் போட முடியாது என்று தோன்றியது.

"சாப்பாடு எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தாள். தினமும் பன்னிரண்டுக்குப் போகிறவள் அன்று பதினொன்றரைக்கே போனாள்.

வீடு இரண்டு சந்து தள்ளி. அடுப்படிப் பக்கம் போகாமல் நேராகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். பொட்டலத்தின் கயிறு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். பேப்பரை விலக்கினாள்.

பிளைவுட் வட்டம் இரண்டு. பெட்டியில் ஊஃபருக்காக அறுத்தெடுத்த துண்டுகள். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மரக்குமிழ் வைத்திருந்தான். போன மாதம் அவள்தான் சொன்னாள், குடத்துக்கு மூடி இல்லாமல் தண்ணீரில் எறும்பு விழுகிறது என்று.

ஒரு மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேப்பரை மடித்துக் கயிற்றைக் கட்டி இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் வெள்ளிக்கிழமை நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் எந்த ஸ்பீக்கரைப் பூட்டினாலும் முடிக்கும் முன் அலமாரியிலிருந்து ஒரு டார்ச் பேட்டரியை எடுப்பான். அதை ஒயரில் தொட்டதும் ஊஃபரின் காகிதக் கூம்பு ஒரு துள்ளுத் துள்ளும். ஒரே பெட்டியில் இரண்டு இருந்தால் இரண்டும் வெளிப்பக்கமாகவே துள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அலமாரி திறக்கவே இல்லை.

கடையில் இரண்டு ஆண்களும் அதே இடத்தில் இருந்தார்கள்.

"அண்ணே, பெட்டிய வெளிய எடு."

சன்னாசி நிமிர்ந்து பார்த்தான். "நீயுமா?"

அந்த இரண்டு வார்த்தையில் அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் பின்வாங்கவில்லை. "பேட்டரி வச்சுப் பாக்கல நீ அன்னிக்கு. ராகு காலம்னு ஓடுன ஓட்டத்துல."

சன்னாசி போய்க் காரின் பூட்டைத் திறந்து பெட்டியை இழுத்து வெளியே வைத்தான். தியாகராஜா பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்துக் குனிந்தார்.

அந்நிய ஆணிடம் மங்களம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். குரல் காற்றாகத்தான் வந்தது.

"சிவப்புப் பொட்டு ரெண்டும் இருக்கா சார்?"

தியாகராஜாவின் தலை பூட்டின் மூடியில் முட்டிக்கொண்டது. "எந்தப் பொட்டு?"

"காந்தத்துல. நகச்சாயம்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. "அம்பிகைதான்... என்ர மனுசிதான் சொன்னவ, வச்சுக்கொண்டு போங்கோ எண்டு."

"பொட்டு வச்சு அனுப்பினது வீட்டம்மாவா?" என்றான் சன்னாசி. "நாங்க காருக்குத்தான் திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சிருப்போம் சார்."

தியாகராஜா டார்ச்சை அணைத்தார்.

சன்னாசி பேட்டரியை எடுத்துவந்து பெட்டியின் ஒயரில் தொட்டான். இடது ஊஃபர் வெளியே துள்ளியது. வலது ஊஃபர் உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டான். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

"பாருங்க. ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது. ஒரே வண்டில ரெண்டு மாடு ஆளுக்கொரு பக்கம் போனா வண்டி எங்க போகும்? ஒருத்தன் சத்தத்த இன்னொருத்தன் தின்னுட்டான். தப்பு என்னோடதுதான் சார்" என்றான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பதினொண்ணு வரைக்கும் விட்டிருந்தா பாத்திருப்பேன்" என்றான்.

வலது ஊஃபரின் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகினான். பெட்டி உள்ளே போனது. அதே பக்திப்பாட்டு. மிருதங்கத்தின் முதல் அடியில் காரின் நம்பர் பிளேட் கிடுகிடுத்தது, அடுத்த அடியில் மங்களத்தின் மிஷினில் இருந்த ஊசி டப்பா நகர்ந்தது. தியாகராஜா பின்சீட்டில் கையை வைத்துப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கினார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. போகும்போது மங்களத்தின் பக்கம் திரும்பி, "பிள்ளை நல்லாப் பார்க்கிறா" என்று சன்னாசியிடம் சொன்னார். "சீனியிட்ட நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

அன்று சாயங்காலம் வீட்டில் சன்னாசி கட்டிலுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது நான் போட்ட முடிச்சு இல்லையே."

மங்களம் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "ம்" என்றாள்.

அவன் மூடிகளைக் கொண்டுபோய் இரண்டு குடத்தின் மேலும் வைத்தான். ஒன்று சரியாக உட்கார்ந்தது. மற்றது கொஞ்சம் ஆடியது. அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான்.

கேட்பதென்றால் இப்போதுதான். "தவுக்கே கடையில என்னா நடந்துச்சு?"

ஆடிய மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான். "ஒரு ரேடியோ காணாமப் போச்சு. அத நான் எடுக்கல. எல்லாரும் பையத் தொறந்து காட்டுங்கன்னாரு. நான் காட்ட மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"பைக்குள்ள ஒயர் இருந்துச்சு. அது நான் எடுத்தது. அஞ்சாறு முழம். துண்டு ஒயர்தான், ஆனா கேக்காம எடுத்தது. அப்போ நீ வீட்டுல தச்சுக்கிட்டிருந்த. மிஷின் கிட்ட வெளிச்சம் இல்ல, ஊசில நூல் கோக்கக் கண்ணக் கண்ணத் தேச்சுக்கிட்டிருந்த."

"எந்த ஒயர்?"

"கடையில உன் மிஷினுக்கு மேல பல்பு தொங்குதே, அந்த ஒயர்தான்."

தினமும் பார்த்த ஒயர். சிவப்பும் கறுப்பும். ஸ்பீக்கருக்குப் போடுகிற ஒயர் என்று அவளுக்கு என்றைக்கோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை மங்களம் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு லாரி சீட்டுக்கு உறை வெட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். சன்னாசி வாசலில் எதையோ துடைக்கிற மாதிரி நின்று, அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்தான். அவள் எட்டி பல்பின் சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஓடத் தொடங்கியது.