மாப்பிள்ளை வரும் வீட்டில் ஓர் அறை

செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளை விரிக்கும், கதவுக்கு இருப்பதுபோன்ற பிணைச்சலை வடிவமைப்பது என் வேலை. ஏவும்போது தகடுகள் மடிந்திருக்கும். மேலே போனதும் பிணைச்சல் அவற்றை விரிக்கவேண்டும், அதுவும் ஒரே தடவை. திறக்காவிட்டால் போய்த் தட்டிவிட அங்கே ஆளில்லை. "தேங்காயெண்ணெய் பூசினாச் சரிதானே?" என்று உம்மா கேட்டார். அங்கே எண்ணெய் நிற்காது, ஆவியாகிவிடும் என்றேன். "எண்ணெயும் நிக்காத இடத்தில உங்களுக்கு என்ன வேலை?" என்று அந்தக் கதையை முடித்துவிட்டார்.

கம்பனி வெளிநாட்டில், நான் கல்முனையில், எங்கள் வீட்டு ஹோலில். அவர்களின் காலை எங்களுக்குப் பின்னேரம். கம்ப்யூட்டரில் கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் அந்த ஹோலுக்கு விருந்தாளிகள் வருவார்கள். ஒருநாள் அதிர்வுச் சோதனை பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்க, பின்னால் வந்த உம்மா, சூரை மீனை ஆணமாக்குவதா பொரிப்பதா என்று கேட்டார். சத்தமில்லாத இடம் கிடைக்காவிட்டால் என் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்க நேரும் என்று மேலாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அந்த நேரம் வாப்பா எனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேரில் இருக்கும். அதைப் பற்றிக் கதைக்கும் உரிமை மட்டும் வாப்பாவுக்கும் மேசனுக்கும். எனக்கு வேலை செய்ய ஓர் அறை வேண்டும் என்று வரைந்து காட்டினேன்.

"கம்ப்யூட்டர்ல கீறுறதுக்கு ஒரு அறையா? ஹோல் மூலைக்குள்ள இரிந்து கீறு" என்றார் வாப்பா. என் வரைபடத்தை எந்த நாட்டுக்காரரும் இவ்வளவு விரைவாக நிராகரித்ததில்லை.

பிறகு, நெல் மூட்டை அடுக்க ஓர் அறை வேண்டாமா என்று கேட்டேன். "ஓம், அது வேணும்தான்" என்று அன்றைக்கே அத்திவாரம் வெட்டச் சொன்னார். அறை கட்டி முடிந்ததும், வெள்ளாண்மை வெட்டி நெல் மூட்டைகள் வந்தன. அவற்றுக்கு நடுவில் என் மேசையும் வந்தது. வாப்பா ஏசினார், ஆனால் மேசையைத் தூக்கவில்லை. கூட்டத்தில் மூட்டைகளைக் கண்ட மேலாளர், எதிரொலியை அடக்க நல்ல ஏற்பாடு என்று பாராட்டினார்.

எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் உம்மா ஒருநாள் சொந்தக்காரரோடு வீடு பார்க்க வந்தார்.

"இது நெல்லு அறை" என்று எங்கள் உம்மா முந்திக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளையின் உம்மா மேசையைக் கண்டுவிட்டார். என் வேலையைச் சொன்னேன்.

"அப்ப கலியாணத்துக்குப் பொறகு அங்க மேல போகோணுமா?"

"நான் போகமாட்டேன் மாமி, பிணைச்சல் மட்டும்தான் போகும்."

அவர் சிரிக்கவில்லை. வாப்பாவிடம் திரும்பினார். "பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு ஹாஜியார்? கலியாணத்தோட உட்டுட்டா நல்லம். இந்த அறைய எங்கட மகன் ஒபிசா வெச்சுக்குவார்."

வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எந்த ரொக்கெட் கிளம்பும்போதும் நான் அப்படிப் பயந்ததில்லை.

வாப்பா தொண்டையைச் செருமினார். "வீடு புள்ளைட பேரில இரிக்கி. அறையும் அவட. மருமகன் வாறதெண்டா இந்த அறையோட வரட்டும். இல்லாட்டி நீங்க வேற வீடு பாருங்க."

வந்தவர்கள் தேநீரைக் குடித்து, சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா குசினிக்குள் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. என்னுடையது வேறு அழுகை.

"என்னத்துக்கு அழுற மகள்?" என்று வாப்பா அதட்டினார். "போய் வேலையப் பாரு."

அன்று எனக்கு விடுமுறை. அதைச் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.