பம்பரில் ஒட்டிய பச்சைப் பெயின்ற்

எண்பத்துநாலாம் ஆண்டு, ஆவணி மாதம். அப்போது நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். என் கணவரிடம் ஒரு பச்சை மொரிஸ் மைனர் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, செத்த வீடு என்று ஊரார் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அந்தக் கார் போகும். மனிதர் என் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் காரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததுதான் அதிகம். நான் அப்போது ஐந்து மாதம். தலைப்பிள்ளை.

ஒரு நாள் பின்னேரம் சண்டிலிப்பாயில் அக்கா வீட்டுக்குப் போய், அவர்கள் தோட்டத்துக் கத்தரிக்காயும் ஒரு பெரிய பூசணிக்காயுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒழுங்கை ஒன்றிலிருந்து மீன் ஏற்றும் வான் ஒன்று சட்டென்று பெரிய றோட்டில் ஏறி, நான் இருந்த இடப்பக்கத்தில் இடித்தது. கதவு உள்ளே நெளிந்து வந்தது. முன்சில்லு கோணலாகத் திரும்பி நின்றது. என் நெற்றி வெடித்து சீற்றெல்லாம் இரத்தம். பூசணிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வானை ஓட்டியவர் குருநகர்க்காரர். முப்பது வயதிருக்கும். ஓடிவந்து, "என்ரை பிழைதான் அண்ணை. நான் பாக்கேல்லை" என்றார். கூடிநின்ற சனத்துக்கு முன்னால் இப்படிச் சொல்பவரோடு என்ன சண்டை பிடிப்பது? தன் வீடு இருக்கும் இடத்தைச் சொன்னார். இரண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது, பிறகென்ன என்று பேசிப் பிரிந்துவிட்டோம். பொலிஸுக்குப் போகவில்லை. அந்த நாட்களில் பொலிஸ் நிலையத்துப் பக்கம் போக யாருக்குத்தான் மனம் வரும்?

வீட்டுக்கு வந்தால் மாமி ஒரே பிடியாக நின்றா. இரத்தம் பட்ட காரை முற்றத்தில் வைத்திருக்கக் கூடாது, வாற வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றா. நெளிந்த கதவோடு சாமிக்கு முன்னால் நிறுத்தவும் முடியாதாம். என் கணவர் தாய் சொல்லைத் தட்டாதவர். அடுத்த ஒழுங்கைக் கராஜ்காரர் வந்து கதவை அடித்து நிமிர்த்தி, ஓட்டைக்குப் பசை வைத்து, பச்சைப் பெயின்ற் அடித்தார். முன்சில்லைத் தாங்கும் இரும்பு வளைந்திருந்தது. அதற்கு மாற்றுச் சாமான் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே அதை ஒருவாறு கட்டிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அயலில் இருந்த ஆண்களெல்லாம் சேர்ந்து காரைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மஞ்சள் தண்ணீர், தேசிக்காய், தேங்காய் எல்லாம் ஆனது. பிறகு திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓடாத காருக்கு இவ்வளவு மரியாதை!

அடுத்த கிழமை என் கணவர் யாழ்ப்பாணத்தில் காப்புறுதிக் கந்தோருக்குப் போனார். அங்கேதான் எங்களுக்கு விஷயமே விளங்கியது. வருஷா வருஷம் நாங்கள் கட்டிய காசு எங்கள் காருக்கானது அல்ல. நாங்கள் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுப்பதற்கானது. எங்களை இடித்தவரின் இன்சூரன்ஸ்தான் எங்களுக்குத் தரவேண்டும். வானுக்கும் அதே கந்தோர்தான். சரி, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தோம்.

சேதம் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. "எங்கை இடிபட்டது?" என்று கேட்டார். கதவைக் காட்டினோம். "இதிலை நான் எதைப் பாக்கிறது? சில்லு பழசாப் போய்க்கூட வளைஞ்சிருக்கலாம்தானே" என்றார். அவரிலும் பிழையில்லை. இடித்தவர் வந்து ஒப்புக்கொண்டு, இடித்த அடையாளமும் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை.

அன்றிரவு என் கணவர் சோறு சாப்பிடவில்லை. காரை வந்த விலைக்கு விற்றுவிட்டு மத்திய கிழக்குக்குச் சாரதியாகப் போவதாகச் சொன்னார். ஏஜென்சிக்காரரோடும் கதைத்துவிட்டாராம். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பாலைவனத்தில் நிற்பதா?

அந்த வான்காரரிடம் போய்க் கெஞ்ச மாட்டேன் என்று அவர் ரோஷத்தோடு இருந்தார். அதனால் நான்தான் பஸ் ஏறிக் குருநகருக்குப் போனேன். மனத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. றோட்டில் பதற்றத்தில் சொன்னதை ஆறின பிறகு யார் சொல்வார்கள்? விசாரித்துப் போன வீட்டு வாசலில் அவரின் மச்சான்தான் முதலில் நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வான் முதலாளியுடையது, ஒப்புக்கொண்டால் இவனுடைய வேலை போய்விடும், நீங்கள் வேறு வழி பாருங்கள் என்றார். அதுவும் உண்மைதான். திரும்பலாம் என்று நினைத்தபோது அவரே உள்ளேயிருந்து வந்தார். என் நெற்றியில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தார். மதிலோடு நின்ற வானடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளைப் பம்பரின் ஒரு மூலை மடங்கியிருந்தது. அதில் எங்கள் காரின் பச்சைப் பெயின்ற் அப்படியே ஒட்டியிருந்தது.

"முதலாளி சுரண்டிப்போட்டுப் பெயின்ற் அடிக்கச் சொன்னவர் அக்கா. இண்டைக்கு நாளைக்கு எண்டு கடத்திக்கொண்டு வாறன். நீங்கள் வருவியள் எண்டு தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலாளியிடம் தானே கதைப்பதாகச் சொன்னார். அவருடைய குரலிலும் அவ்வளவு துணிவு இல்லை.

இரண்டு மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கையில் மீன் வாடை வந்தது. எட்டிப் பார்த்தால் அதே வான். முன்சீற்றில் முதலாளி, அவருக்குப் பக்கத்தில் அந்தக் கந்தோர் உத்தியோகத்தர். முதலாளியின் முகம் கடுகடு என்றிருந்தது. ஆனால் வந்துவிட்டாரே!

வானை ஓட்டி வந்த அந்தச் சாரதி அதைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வரத் தயங்கினார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், மச்சம் என்ற சொல்லே வாயில் வராது. அது ஒன்று. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வளவுகளுக்குள் யார் யார் கால் வைக்கலாம் என்று இருந்த பொல்லாத வழக்கம் மற்றொன்று. நான் மாமியைப் பார்த்தேன். விபூதி பூசிய நெற்றியோடு மாமி இறங்கிப் போய்ப் படலையின் இரண்டு கதவையும் தன் கையாலேயே அகலத் திறந்தா.

"உள்ளுக்கை கொண்டு வாரும் தம்பி. காருக்குக் கிட்ட விடும். ஐயா பாக்கட்டும்."

வான் வந்து காரோடு ஒட்டி நின்றது. மடங்கிய பம்பரும் கதவில் பசை வைத்த இடமும் ஒரே உயரத்தில் இருந்தன. உத்தியோகத்தர் புதுப் பெயின்றைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். பம்பரிலிருந்த பழைய பச்சையையும் பார்த்தார். சில்லையும் குனிந்து பார்த்தார். "இனிக் கதை இல்லை" என்றார். முதலாளி கையெழுத்து வைத்தார். மாமி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. அந்தச் சாரதிக்கும் நாங்கள் குடிக்கும் மூக்குப்பேணியில்தான் கொடுத்தா. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அவருடைய வேலை போகவில்லை. கொழும்பிலிருந்து சாமான் வந்து கார் மறுபடி ஓடியது. என் கணவர் எங்கேயும் போகவில்லை. மார்கழியில் எனக்கு வலி கண்டபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் பச்சைக் கார்தான். பிறந்த மகளைப் பார்க்க அந்த வான் சாரதி தன் மனைவியோடு வந்தார். மாமி படலையைத் திறந்தே வைத்திருந்தா.

இப்போதும் வாகனத்துக்குக் காப்புறுதிக் காசு கட்டும்போதெல்லாம் அவர் பெயின்ற் அடிக்காமல் விட்ட அந்தப் பம்பர் மூலை என் கண்ணுக்கு முன்னால் வரும். என்றைக்காவது நான் ஒருவரை இடிக்க நேர்ந்தால், அவர் என்னைத் தேடி வரும்வரை அந்த அடையாளத்தை அழிக்காமல் வைத்திருக்கும் மனத்தை எனக்கும் தா என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைக்கிறேன்.