ஆற்றுக்கு நடுவில் ஒரு நிறம்

என் அண்ணன் மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூகோளம்தான். பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் எங்களோடு தங்கிப் படிக்கிறாள். புவியியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த படிப்பு. குழாய் வேலை பார்க்கிற எனக்கு அதில் ஒரு மண்ணும் விளங்காது. மலையும் ஆறும் ஒரு துறை, நாடும் சண்டையும் இன்னொரு துறை, அவ்வளவுதான் தெரியும்.

மேசையில் தண்ணீர் சிந்தினால் துடைக்க மாட்டாள். அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இவ எந்த ஊர்ல இருக்கா?" என்பாள் என் மனைவி.

கடைசி வருடத்துக்கு ஒரு வரைபடம். இரண்டு துறைப் பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டு பாடத்துக்கும் பட்டம். ஒருவர் மறுத்தாலும் ஒரு பாடம் போச்சு. அவள் எடுத்துக்கொண்டது ஓர் எல்லை ஆறு. ஒப்பந்தம் போட்டபோது ஆறு ஓடிய தடம்தான் இன்றும் ஒரு நாட்டுக்கு எல்லை. ஆறு இப்போது ஓடுகிற இடமே எல்லை என்கிறது மற்ற நாடு. ஆறோ தள்ளிப் போய்விட்டது. நடுவில் நீளமாக ஒரு துண்டு நிலம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அங்க ஒருத்தி துணி காயப்போட்டுட்டு இருந்தா சித்தப்பா. இது எந்த நாடு அக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வெயில் அடிக்கிற நாடுன்னா."

துண்டு நிலத்துக்கு நிறமே கொடுக்காமல் வெள்ளையாக விட்டுக் கொண்டுபோனாள். அங்கே வந்தது வினை. வெள்ளை என்றால் அளக்காத இடம் என்றார் புவியியல்காரர். யாரும் கேட்காத இடம் என்று ஆகிவிடும் என்றார் மற்றவர். நிறம் போடாமல் கையெழுத்து இல்லை. எந்த நாட்டு நிறம் போட்டாலும் ஒருவர் அடிக்க வருவார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசை முழுக்க அந்த ஆறுதான். நான் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே தின்றேன்.

"ஏம்மா பூகோளம், உன் ரெண்டு நாடும் சமாதானமானா எனக்கு உட்கார இடம் கிடைக்குமா?"

"கொஞ்சம் தள்ளுங்க சித்தப்பா, நிழல் விழுது."

ஒரு கரையின் ரோஜா நிறத்தைத் துண்டு நிலத்தில் தடவினாள். மனம் கேட்கவில்லை போல. காய்வதற்குள் மறுகரைப் பச்சையை அதன்மேல் இழுத்துவிட்டாள். இரண்டும் கலங்கிப் போயின.

"கெடுத்தியா? சேறு மாதிரி ஆயிடுச்சு பாரு!"

தூரிகையைப் பிடித்தபடியே வெகுநேரம் பார்த்தாள்.

"சேறுதான் சித்தப்பா. கால் வச்சப்ப இப்படித்தான் இருந்துச்சு."

துணிக்கொடியில் கவ்வி போட்டுத் தாளைக் காயவிட்டாள். அதன் கீழேதான் நான் பாய் விரித்தேன். காற்றில் தாள் அசைய, ஆறும் மெல்ல நகர்ந்தது. கண் சொருகியதும் அந்தக் கரையில் நின்றேன், தோளில் குழாய்ச் சாமான் பையோடு. கொடியில் யார் யார் துணியோ ஆடிக்கொண்டிருந்தது. எங்கே போகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இரண்டு கையெழுத்தோடு வந்தாள்.

"வண்டல் மண்ணு, சரியான நிறம்னாரு ஒருத்தரு. ரெண்டு நாடும் கேக்குற நிலம், சரியான நிறம்னாரு இன்னொருத்தரு."

"நீ என்ன சொன்ன?"

"துணி காயுற இடம்னேன் சித்தப்பா. ரெண்டு பேருமே சிரிக்கல."

அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பலகையில் சேற்று நிறத்தில் ஒரு கறை. மனைவி துணியோடு வந்தாள்.

"விடு, அது யாரோட இடம்னு உனக்குத் தெரியுமா?" என்று தட்டை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.