கண்ணை மூடிக்கொண்ட வகுப்பு

ஆசிரியர் பயிற்சியில் அவள் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய கடைசி வகுப்பு அது. இதில் தேறினால்தான் வேலை. பாடத் திட்டத்தை அவள் வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தாள்.

"பசங்க பேசப் போறதையும் நீயே எழுதி வச்சுட்டியாடி?" என்று காலையில் அக்கா கேலி செய்தாள். எழுதித்தான் வைத்திருந்தாள்.

பின்னக் கணக்கை நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்றாள்.

"புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது, திட்டத்தில் இருந்தபடியே. அதை அவளால் நம்ப முடியவில்லை. படிக்கிற காலத்தில் ஒன்றும் புரியாமலே அவளும் இப்படிக் கத்தியவள்தான்.

மதிப்பெண் போட வந்த மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. புரியாதவங்க மட்டும் கை தூக்குங்க. யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள்.

பாதி வகுப்புக்கு மேல் கைகள் எழுந்தன. மேற்பார்வையாளர் அத்தனையையும் பார்த்துவிட்டுக் குனிந்து ஏதோ எழுதினார்.

திட்டப்படி அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். ஆனால் அவள் கரும்பலகையை அழித்தாள்.

"கண்ணத் தெறங்க. எங்கேர்ந்து புரியல?"

"மொதல்லேர்ந்தே டீச்சர்," என்றது முன்வரிசைக் குரல் ஒன்று.

சாக்பீஸை எடுத்தாள். கடைசி பெஞ்சுப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.